உட்கார்ந்தால் ஆடும் கால்

ஜூன் 15, திங்கள்

மேகாத்து பிடித்துவிட்டது, மேற்கிலிருந்து ஒரே வீச்சு. கொடியில் போட்ட துண்டு இரண்டும் பின் லைன் வீட்டுக் கூரைமேல். மழை கிடையாது, புழுதி மட்டும். வாசல் கூட்டுவதே வீண் வேலை.

இன்று முதல் பனியன் கம்பெனியில் யோகா. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வரப்போகிறாராம், தொழிலாளர் நலம் என்று எதையாவது காட்ட வேண்டுமாம். அதற்கு நாங்கள் வேலைக்கு முன்னால் கேண்டீனில் உருள வேண்டும். பெஞ்சுகளை ஓரம் கட்டி, கழிவு பனியன் துணியை விரித்துவைத்திருந்தார்கள். டீச்சர் உடுமலைப் பக்கத்துப் பெண், பெயர் திவ்யா. சின்ன வயசு, நல்ல பொறுமை.

இப்போதைக்கு ஆசனமே கிடையாதாம். ஆரம்ப நிலைகள் மட்டும். நின்று ஒன்று, உட்கார்ந்து ஒன்று, மல்லாந்து ஒன்று, குப்புற ஒன்று.

"இந்த நாலும் ஒழுங்கா வந்துட்டா மத்ததெல்லாம் தானா வருமுங்க" என்றாள்.

நிற்பது கூட எங்களுக்கு ஒழுங்காக வரவில்லை. இரண்டு காலுக்கும் சமமாக எடை கொடுக்க வேண்டுமாம். டெய்லர்கள் அத்தனை பேரும் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறார்கள். வலது காலை மிஷின் பெடலுக்கே நேர்ந்து விட்டாகிவிட்டதே, அது எப்படித் தரையில் நிற்கும்?

படுக்கச் சொன்னதும், தைத்த பீஸில் குறை பார்க்கும் எங்கள் செக்கிங் பெண்கள் யாரும் அசையவில்லை. ஆம்பிளைகள் முன்னால் எப்படிப் படுப்பது? பிறகு நடுவில் துணி கட்டினார்கள். வடக்கத்திப் பெண்களுக்குக் கூச்சமே இல்லை. ஒருத்தி படுத்ததும் குறட்டை.

சாயங்காலம் தரகர் மணி அண்ணன் போன். மகள் நந்தினிக்கு ஒரு வரன். பல்லடம். பையனின் அப்பா முன்னால் டெய்லராக இருந்தவர், இப்போது சொந்தமாக நாலைந்து மிஷின் போட்டு, கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் பவர் டேபிள் நடத்துகிறார். ஜாதகம் நன்றாகப் பொருந்தியிருக்கிறதாம். "ஆடி பொறக்கறதுக்குள்ள வந்து பாத்துட்டுப் பூ வெச்சுட்டுப் போயர்லாம்னு சொல்றாங்க" என்றார். முருகா, இதையாவது முடித்துக் கொடு.

கேஸ் புக் பண்ணியாயிற்று.

ஜூன் 17, புதன்

தண்ணீர் வரவில்லை. கேட்டால் நாளைக்கு என்கிறார்கள்.

இன்று உட்காரும் நிலை. இரண்டு காலையும் நீட்டி, முதுகை நிமிர்த்தி, கையைப் பக்கத்தில் ஊன்றி. பார்த்தால் ஒன்றுமில்லை போல இருக்கிறது, உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுபோகிறது. டெய்லர்களுக்கு வலது பாதம் தானாகப் பெடல் அமுக்குகிறது. திவ்யா சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்காரரும் டெய்லர்தான், இவர் கால் மட்டும் நிற்கவில்லை.

"பழனிச்சாமி அண்ணன் இன்னும் ஆர்டர் முடிக்கலீங்க மேடம்!" என்று லைனிலிருந்து ஒருத்தன். ஹாலே சிரித்தது. நானும்தான். கட்டிக்கொண்ட புருசனைக் கேலி செய்ய வாய்ப்புக் கிடைத்தால் விடுவேனா? வீட்டில் டிவி பார்க்கும்போதும் இதே ஆட்டம்தான், தீபாவளிக்கு முன்னிருந்தே. நந்தினி 'ஓ.டி. கால்', ஓவர்டைம் பார்க்கிற கால் என்று பெயர் வைத்திருக்கிறாள். "அப்பா வந்தும் கால் இன்னும் ஊட்டுக்கு வரலம்மா" என்பாள்.

இவரும் சிரித்தார். கையை எடுத்து முட்டியின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

ஜூன் 20, சனி

டீ நேரத்தில் திவ்யா செக்கிங் டேபிளுக்கு வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மத்தவிய காலு படுத்தா நின்னுருதுங்க. அண்ணன் காலு மல்லாந்து படுத்தாத்தான் ஜாஸ்தியா ஆடுதுங்க. அது பெடல் பழக்கமாட்டத் தெரியல. ஒரு டாக்டர்கிட்டக் காட்டிருங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீ யோகா சொல்லிக்குடு கண்ணு. வைத்தியம் பாக்கறதுக்கு வேற ஆளு இருக்குது" என்றேன். பாவம், முகம் சுண்டிப்போய்த் திரும்பிப் போனாள்.

அதன்பிறகு பீஸ் பார்த்தேனே தவிர கண்ணில் எதுவும் படவில்லை. ஓட்டை விழுந்த ஒன்றை நல்ல பீஸோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் கத்திவிட்டுப் போனான்.

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக வருகிறது:

சட்டைப் பட்டன் போட நேரமாகிறது. கண்ணாடியை மாற்றுங்கள் என்றேன்.

நடக்கும்போது வலது கை வீசுவதில்லை. டிபன் பை தூக்கித் தூக்கி அப்படி ஆகிவிட்டது என்றேன்.

குரல் உள்ளே போய்விட்டது. மிஷின் இரைச்சலில் கத்தினால் தொண்டை என்ன ஆகும் என்றேன்.

கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. சோம்பேறித்தனம் என்றேன்.

எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக வைத்திருந்திருக்கிறேன். வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

ஜூன் 21, ஞாயிறு

இவர் இன்றும் சண்டே ஷிப்டுக்குப் போய்விட்டார். தீபாவளியிலிருந்து ஒரு ஞாயிறு கூட வீட்டில் இல்லை. பெண் கல்யாணத்துக்காக ஓடுகிறார் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

மதியம் கொள்ளுப் பருப்பும் சோறும் எடுத்துக்கொண்டு நானே போனேன். பாதி லைன் காலி. பின்னால் நின்று பார்த்தேன். பனியனுக்குக் கை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். காலில் ஆட்டமே இல்லை. பெடலில் பாதம் கல் மாதிரி. தையல் நூல் பிடித்த மாதிரி நேராக வருகிறது. அந்தப் பெண் உளறியிருக்கிறாள் என்று நெஞ்சு குளிர்ந்தது.

அடுத்த பண்டல் வர நேரமானது. மிஷின் நின்றது. கால் ஆட ஆரம்பித்தது. உடனே இவர் கீழே குனிந்து ஒரு கழிவுத் துண்டை எடுத்துப் போட்டுச் சும்மா ஓட்டினார். அது முடிந்ததும் இன்னொன்று. மிஷினுக்குப் பக்கத்தில் கூடை நிறைய அந்த மாதிரி தைத்துப்போட்ட துண்டுகள்.

என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போய்விட்டது.

"எத்தன நாளாங்க?"

"உனக்கு ஆரு சொன்னது?"

"எத்தன நாளாங்கன்னு கேட்டேன்."

"ஊட்டுல உக்காந்தா ஆடுது புள்ள. இங்க உக்காந்தா நின்னுக்குது. அதான் வந்தர்றேன்."

சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டு வெளியே வந்து, ரோட்டோரத்தில் நின்று அழுதேன். காற்றில் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று யாரோ நினைத்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். வாங்கி முகம் கழுவிக்கொண்டேன்.

ஜூன் 26, வெள்ளி

இரண்டு பேரும் லீவு. கோயமுத்தூர். நரம்பு டாக்டர். நந்தினியிடம் முட்டி வலி என்று சொல்லியிருக்கிறது.

டாக்டர் நடக்கச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை நாலு தட்டுக்குமேல் ஒட்டிக்கொண்டது. ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே போனது.

பார்க்கின்சன். டாக்டர் எழுதிக் காட்டினார். சும்மா இருக்கும்போது ஆடும், வேலை செய்தால் அடங்கும், அதுதான் இதன் குணமாம். உயிருக்கு உடனே ஒன்றுமில்லை. மாத்திரையில் கட்டுப்படும், முழுசாகப் போகாது. யோகாவை விட வேண்டாம் என்றார்.

இவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"மிஷின்ல உக்காரலாமுங்களா?"

"இப்போதைக்கு உக்காரலாம். போகப்போகக் கை வேகம் கொறையும். அதுக்கும் தயாரா இருந்துக்கங்க."

"என்ற புள்ளைக்கு வருமுங்களா?"

"பெரும்பாலும் இது பரம்பரையா வர்றதில்லைங்க. அதை நெனச்சுப் பயப்படாதீங்க."

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. என் பக்கத்து சீட் காலி. இவர் உட்காரவில்லை. திருப்பூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். நான் பலமுறை கூப்பிட்டேன். "நின்னா நல்லாருக்குது" என்றார். காலி சீட்டில் என் பையை வைத்துக்கொண்டேன்.

ஜூன் 29, திங்கள்

நந்தினி மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். போனில் பெயரைப் போட்டுத் தேடியும் விட்டாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகை. வந்து கேட்ட முதல் கேள்வி, "பல்லடத்துக்காரங்ககிட்டச் சொல்லிட்டீங்களாம்மா?"

"வாயத் தொறந்தீனா பாத்துக்க" என்றேன்.

"சொல்லாம எப்படிம்மா?"

எப்படியோ. இவளுக்கு என்ன தெரியும்? டாக்டர் சொன்னதை யார் கேட்கப் போகிறார்கள்? அந்த ஊட்டுல ஏதோ நரம்பு வியாதியாம் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், பல்லடத்தில் நிற்காது, உடுமலை வரைக்கும் போகும். முன்னால் வந்த இரண்டு வரனும் வாடகை வீடு என்று தட்டிப்போனது. இப்போது ஜாதகம் பொருந்தி, பையனுக்கும் போட்டோ பிடித்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்கிறார்கள். ஆடியில் எதுவும் பேச முடியாது. ஆடி தாண்டினால் அவர்களுக்கு வேறு இடம் அமையும். ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் அந்தக் கால் சும்மா இருந்தால் போதும்.

ஜூன் 30, செவ்வாய்

யோகா முடிந்ததும் திவ்யாவைப் பிடித்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"கண்ணு, எப்படி உக்காந்தா காலு வெளிய தெரியாது?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குப் பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. வஜ்ராசனம் காட்டினாள். அதுவும் ஆரம்ப நிலைதானாம். முட்டியை மடித்து, குதிகால்மேல் உட்கார வேண்டும். உடம்பின் எடை முழுக்கப் பாதத்தின்மேல்.

"ஆனா அக்கா, இது மறைக்கறதுக்கு இல்லீங்க. அண்ணனுக்கு முட்டி மிஷின்லயே மடங்கிப் பழகுனது. கொஞ்ச நேரத்துல மரத்துப்போகும். வலிக்கும்."

"வலிச்சாப் பொறுத்துக்குவாரு. புள்ளைக்காகத்தான்."

"பொண்ணு பாக்க வர்றாங்களா?"

தலையை ஆட்டினேன். தொடைக்கும் குதிகாலுக்கும் நடுவில் மடித்த துணி வைத்தால் வலி குறையும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தாள்.

வாங்க வேண்டியது: காபித் தூள், ரவை, முந்திரி, வாழை இலை வேண்டாம், நல்ல டம்ளர் நாலு பக்கத்து வீட்டில்.

நாற்காலி போடக்கூடாது. நாற்காலியில் கால் தொங்கும். ஜமக்காளம்தான்.

ஜூலை 3, வெள்ளி

சாயங்காலம் ஒத்திகை. ஜமக்காளத்தை விரித்து இவரை வஜ்ராசனத்தில் உட்கார வைத்தேன். எதிரில் நான் பையனின் அப்பா.

"ஏனுங்க, பொண்ணு நல்லாச் சமைக்குமுங்களா?"

"அவிய அம்மாளாட்ட இல்லீங்க. நல்லாவே சமைக்குமுங்க."

"ஏனுங்க, பொண்ணோட அம்மா குணம் எப்படீங்க?"

"அதக் கேக்காதீங்க. நான் பொழச்சுக் கெடக்கறதே பழனியாண்டவன் புண்ணியம்."

நான் தலைகாணியை எடுத்து அடித்தேன். சிரித்துச் சிரித்து இவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். எத்தனை மாதமாயிற்று இப்படிச் சிரித்து. சாய்ந்ததும் பாதம் வெளியே வந்துவிட்டது. வந்ததும் ஆட ஆரம்பித்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு அப்படியே நின்றது. நந்தினி சமையலறையில் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள்.

இவர் மறுபடியும் முட்டியை மடித்து உட்கார்ந்தார். நான் ஒன்றும் சொல்லாமலே.

ஜூலை 5, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பத்தரைக்கு வந்தார்கள். மணி அண்ணன், பையன், அவன் அம்மா, அப்பா. பையன் நல்ல மாதிரி. செருப்பை ஒழுங்காக ஓரத்தில் விட்டான், எனக்கு அதுவே பிடித்துப்போயிற்று. அவன் அப்பா வாய் நிறையப் பேச்சு. வந்ததுமே இவரோடு மிஷின் பேச்சு, நூல் விலைப் பேச்சு. பேச்சுக்குப் பேச்சு இவரை "மச்சான்" என்றார். முறை சொல்லிக் கூப்பிட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இவர் வஜ்ராசனத்தில். பூசைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று மணி அண்ணன் கேலி செய்தார். "யோகா பழகறாருங்க" என்றேன் நான்.

நந்தினி காபி கொண்டுவந்தாள். பையன் ஏதோ கேட்டான், அவளும் பதில் சொன்னாள். எல்லாம் நல்லபடி. இவர் நெற்றியில் வேர்வை. ஃபேன் நேராக ஓடுகிறது, வேர்வை நிற்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன், இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்.

பையனின் அம்மா பையைத் திறந்து பூவை எடுத்தார்.

அந்த நேரத்தில் இவரால் முடியவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு காலை வெளியே நீட்டிவிட்டார். ஜமக்காளத்தின்மேல் அந்தப் பாதம் அடித்துக்கொண்டது. எல்லார் கண்ணும் அங்கே.

பையனின் அப்பா பெரிதாகச் சிரித்தார். "அட, நம்ம சாதிதானுங்க! மச்சான், எனக்கும் இதே பொழப்புத்தான். மிஷின விட்டு எத்தன வருசமாச்சு, இன்னும் எங்க ஊட்டுல காலு நிக்காதுங்க. சம்சாரத்தக் கேட்டுப் பாருங்க!"

அவர் சம்சாரமும் சிரித்தது. மணி அண்ணன் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், ஆண்டவன் காப்பாற்றிவிட்டான் என்று. யாரும் எதையும் மறைக்க வேண்டியதே இல்லை. திருப்பூரில் எந்தக் கால்தான் ஆடவில்லை?

இவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இல்லீங்க" என்றார். "இது பெடல் பழக்கமில்லீங்க. நரம்பு வியாதிங்க. பார்க்கின்சன்னு பேரு. மாத்திர சாப்படறேன். புள்ளைக்கு வராதுன்னு டாக்டர் சொன்னாருங்க. ஆனா நீங்க தெரிஞ்சுக்கிட்டுப் பூ வைக்கறதுதான் மொறைங்க."

காற்றில் ஜன்னல் கதவு மட்டும் அடித்தது.

"சொன்னது நல்லதுங்க" என்றார் பையனின் அப்பா. டம்ளரைக் கீழே வைத்தார். "ஆடி கழிச்சுப் பேசிக்கலாமுங்க." இந்த முறை மச்சான் இல்லை. அவர் சம்சாரம் கையில் எடுத்த மல்லிகைச் சரத்தை இலையோடு சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டது. பையன் நந்தினியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே செருப்பு போட்டான்.

அவர்கள் தெரு தாண்டும் வரைக்கும் பொறுத்தேன். பிறகு கத்தினேன். லைன் வீடு முழுக்கக் கேட்டிருக்கும். "அவரே நம்பிட்டாரு! வாய மூடிட்டு உக்காந்திருந்தா என்னங்க? பெத்த புள்ள பொழப்ப இப்படியா கெடுப்பாங்க?"

"எத்தன நாளைக்கு சரசு?" என்றார். குரலே வரவில்லை. "புள்ளையக் கட்டிக் குடுத்துட்டு, அவ ஊட்டுக்குப் போறப்பெல்லாம் நான் கால மடிச்சே உக்காந்திருக்கோணுமா?"

டம்ளர்களைப் பொறுக்கிக் கழுவப் போட்டேன். ஆனாலும் கோபம் போகவில்லை. ரவை கேசரி அப்படியே இருக்கிறது. யாரும் தொடவில்லை.

ஜூலை 8, புதன்

மணி அண்ணன் போன். அவர்கள் ஜாதகத்தை வேறு இடத்தில் காட்டினார்களாம். ஏதோ கட்டம் இடிக்கிறதாம். "மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

நந்தினியிடம் சொன்னேன். "ம்" என்றாள். தலை பின்னிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். இவளாவது அப்பாவைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. டிபன் பையை இவருடைய இடது கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

நான் இவரோடு பேசி மூன்று நாள். சோறு வைக்கிறேன், அவ்வளவுதான்.

கம்பெனியிலும் தெரிந்துவிட்டது. மணி அண்ணனின் மச்சான் எங்கள் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங்கில் இருக்கிறான், பிறகு கேட்க வேண்டுமா? யோகாவில் மற்றவர்கள் ஆசனத்துக்குப் போய்விட்டார்கள். திவ்யா இவரை மட்டும் ஆரம்ப நிலைகளிலேயே விட்டிருக்கிறாள். காலை நீட்டி உட்கார்ந்தார். கால் ஆடியது. ஹாலில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருத்தன் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சிரித்திருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்திருக்கலாம்.

ஜூலை 12, ஞாயிறு

நல்ல காற்று. வெயில் இல்லை. தண்ணீர் வந்தது, எல்லாக் குடத்திலும் பிடித்தாயிற்று.

சூப்பர்வைசர் ஷிப்டுக்குக் கூப்பிட்டுப் போன் செய்தான். இவர் "இன்னிக்கு நான் வரலீங்க" என்று சொல்லிவிட்டார். நான் காதில் விழாத மாதிரி வெங்காயம் உரித்தேன்.

பதினோரு மணி இருக்கும். இவர் ஹாலில் வெறும் தரையில் மல்லாந்து படுத்தார். கம்பெனியில் சொல்லிக்கொடுத்தபடியே, காலை அகட்டி, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து. கால் ஆடியது. கையும் ஆடியது. என் கண்முன்னால், நந்தினி கண்முன்னால், பட்டப்பகலில். எதையும் போட்டு மூடவில்லை. "கொஞ்ச நேரம் இப்படிக் கெடக்கறேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேசலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கடைசியில் சோறு வடித்துவிட்டு, "சாப்புட வாங்க" என்று சொல்லிக்கொண்டே ஹாலுக்கு வந்தேன். ஏழு நாளில் நான் பேசிய முதல் வார்த்தை.

தூங்கிவிட்டிருந்தார். கால் ஆடவில்லை. கையும் இல்லை. இத்தனை வருசம் கூடப் படுத்தவளுக்கு இது தெரியாது, படுத்ததும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிடுவேன். தூங்கினால் நின்றுவிடுகிறது. பழைய பழனிச்சாமி அப்படியே படுத்திருக்கிறார், கல்யாணமான புதிதில் இருந்தவர்.

நந்தினி தட்டுகளோடு வந்து எழுப்பப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். முழித்தால் ஆரம்பித்துவிடும். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சோறு ஆறட்டும்.